ஓடியது போதும், தாண்டிப் பழகுங்கள்

கிட்டார் பழகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. பதினைந்து வருடம் மெல்லிசைக் குழுக்களில் கிட்டார் வாசித்துவிட்டு, இப்போது சென்னையில் என் வீட்டு மாடியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும் ஒரு மாஸ்டர் நான். புதிதாகச் சேர வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர், கிட்டாரை உறையிலிருந்து எடுத்ததும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். ஐந்தாவது ஃபிரெட்டிலோ எட்டாவது ஃபிரெட்டிலோ கையை வைத்து, ஆறாவது கம்பியில் தொடங்கி முதல் கம்பி வரை ஒரு ஸ்கேலை மூச்சுவிடாமல் ஏறி, வந்த வழியே இறங்குகிறார்கள். முடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

வேகம் நன்றாகத்தான் இருக்கிறது. என் வயசில் எனக்கு அந்த வேகம் இல்லை. "சரிப்பா, இதே ஸ்கேலை ஒரு சுரம் விட்டு ஒரு சுரம் வாசி பார்ப்போம்" என்பேன். கை நின்றுவிடும். கண் ஃபிரெட் போர்டில் எதையோ தேடும். ஏழு சுரமும் தெரியும், இடமும் தெரியும், ஆனால் வரிசை மாறினால் எல்லாமே அந்நியமாகிவிடும். அப்படிக் கை நின்றுபோன எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். இதில் அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்றால், ஒருநாள் மேடையில் என் கையும் இப்படித்தான் நின்றது.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழாக் கச்சேரி. எங்கள் குழுவில் இரண்டு கிட்டார். அன்றைக்கு இரண்டாமவர் வந்த பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. ஒரு பாட்டின் இடையிசையில் இரண்டு கிட்டாரும் சேர்ந்து போகிற ஒரு பிட் உண்டு. ஒருவர் மெட்டை வாசிக்க, மற்றவர் அதற்கு மூன்றாம் சுரத்தில் துணைபோவார். "மெயின் லைனைக் கீபோர்டு பார்த்துக்கும், மேல் லைனை நீ வாசிச்சிடு" என்றார் குழுத் தலைவர். நான் தினமும் இரண்டு மணி நேரம் ஸ்கேல் ஓட்டுகிறவன். இதென்ன பெரிய விஷயம் என்று தலையாட்டினேன். இடையிசை வந்தது. முதல் சுரம் கிடைத்தது, இரண்டாவது கிடைக்கவில்லை, மூன்றாவதைத் தேடுவதற்குள் பிட் முடிந்து பாடகர் சரணத்தை எடுத்துவிட்டார். கூட்டத்தில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். மேடையில் இருந்த எல்லாரும் கவனித்தார்கள்.

திரும்பி வரும் வேனில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கடைசியில் கீபோர்டு வாசிக்கும் அண்ணன் மட்டும் கேட்டார். அவர் முறையாகப் பாட்டுப் படித்தவர். "ஏன்டா, உனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சரளி வரிசையோட நிறுத்திட்டாரா? தாட்டு வரிசைக்குப் போகவே இல்லையா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் மிச்ச வருடங்கள் போயின.

கர்நாடக இசை படிக்கிற குழந்தை எந்த வரிசையில் படிக்கிறது என்று பாருங்கள். முதலில் சரளி வரிசை: ச ரி க ம ப த நி ச என்று படிப்படியாக ஏறி இறங்குவது. அடுத்து ஜண்டை வரிசை: ஒவ்வொரு சுரத்தையும் இரண்டிரண்டாக அழுத்திப் பாடுவது. அப்புறம் தாட்டு வரிசை. தாட்டு என்றால் தாண்டுவது. ச-விலிருந்து ரி-யை விட்டு க-வுக்கும், இன்னும் விட்டு ம-வுக்கும் போய், திரும்பி வந்து, வேறு இடத்திலிருந்து மறுபடி தாண்டுவது. இந்தப் பாடமுறையை வகுத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. கீர்த்தனைக்குப் போவதற்கு வெகு முன்பே, கீதம்கூடத் தொடங்குவதற்கு முன்பே, குழந்தையின் தொண்டை தாண்டப் பழகிவிடுகிறது. நாம் கிட்டாரில் செய்வது சரளி வரிசையை மட்டும் நூறு மடங்கு வேகத்தில் பாடுவது. எழுத்தை அகரவரிசையில் வேகமாக ஒப்பிக்கத் தெரிந்தவனுக்கு வாசிக்கத் தெரியும் என்று யாராவது சொல்வார்களா?

உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒரு பாட்டின் பல்லவியைச் சுரப்படுத்திப் பாருங்கள். அடுத்தடுத்த சுரங்களாக எவ்வளவு தூரம் போகிறது? மூன்று, நான்கு சுரம் நடக்கும். பிறகு ஒரு தாவல் வரும். அந்தத் தாவலில்தான் பாட்டின் முகம் இருக்கிறது. நடையை எல்லாரும் நடக்கிறோம். தாவல் எங்கே, எவ்வளவு தூரம் என்பதில்தான் ஒரு மெட்டு இன்னொரு மெட்டிலிருந்து வேறுபடுகிறது.

சரி, தொண்டைக்கு ஒரே ஒரு வழி. கிட்டாருக்கு? இங்கேதான் நம் வாத்தியத்தின் வம்பு ஆரம்பமாகிறது. பியானோவில் ஒரு ஒலிக்கு ஒரே கட்டை. கிட்டாரில் முதல் கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் வருகிற அதே ஈ, இரண்டாவது கம்பியில் 5ஆவது ஃபிரெட்டிலும், மூன்றாவதில் 9ஆவதிலும், நான்காவதில் 14ஆவதிலும், ஐந்தாவதில் 19ஆவதிலும் இருக்கிறது. ஒரே ஆள் ஐந்து வீட்டில் குடியிருக்கிறார். கையை நகர்த்தாமல் ஒரே இடத்துப் பெட்டிக்குள் மட்டும் ஸ்கேல் ஓட்டுகிறவருக்கு அந்த ஐந்தில் ஒரு வீட்டின் விலாசம்தான் தெரியும்.

இதற்கு மேல் ஒரு கோணல் வேறு. தடித்த ஆறாவது கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சுருதி சேர்க்கிறோம். எல்லாப் பக்கத்துக் கம்பிகளுக்கும் இடையே ஐந்து ஃபிரெட் தூரம். மூன்றாவது கம்பி ஜி-க்கும் இரண்டாவது கம்பி பி-க்கும் மட்டும் நான்கு. இந்தக் கோணல் யாரோ தெரியாமல் செய்த தவறு இல்லை. எல்லாவற்றையும் ஐந்தாகவே வைத்தால் மேல் கம்பி எஃப் ஆகிவிடும். ஒரு விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்கவைத்து நாம் பிடிக்கிற பார் கார்டுகள் கைக்கு அடங்காது. ஐரோப்பாவின் பழைய லூட் வாத்தியத்திலும் நடுவில் இப்படி ஒரு குறுகல் இருந்தது. அமெரிக்கரான ஸ்டான்லி ஜோர்டன் எல்லாவற்றையும் ஐந்தாகவே சுருதி சேர்த்து வாசிக்கிறார். அவர் வாசிக்கும் முறையும் அதற்கேற்றாற்போல வேறு. நமக்கு இந்தக் கோணலோடுதான் குடித்தனம். ஆகவே அதைப் பார்த்துப் பயப்படாமல் முதல் நாளே பழகிக்கொள்வோம்.

எப்படிப் பழகுவது? நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வரிசையை அப்படியே எழுதுகிறேன். சி மேஜரை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்க் கணக்கில் சங்கராபரணத்தின் ஏழு சுரங்கள்.

முதல் பாடம் ஒரே கம்பியில். பெட்டியை மறந்துவிடுங்கள். இரண்டாவது கம்பி மட்டும். சி மேஜரின் சுரங்கள் அதில் 1, 3, 5, 6, 8, 10, 12, 13 ஆகிய ஃபிரெட்டுகளில் வரும். இப்போது ஒன்றுவிட்டு ஒன்று: 1-5, 3-6, 5-8, 6-10, 8-12, 10-13, 12-15. ஒவ்வொரு தாவலும் எத்தனை ஃபிரெட் என்று எண்ணுங்கள்: நான்கு, மூன்று, மூன்று, நான்கு, நான்கு, மூன்று, மூன்று. நான்கு ஃபிரெட் தாவலை 'பெரிய மூன்று' என்றும், மூன்று ஃபிரெட் தாவலை 'சின்ன மூன்று' என்றும் எங்கள் மாடியில் சொல்வோம். புத்தகத்தில் மேஜர் தர்ட், மைனர் தர்ட் என்று இருக்கும். எந்த மேஜர் ஸ்கேலானாலும் ஏழு மூன்றுகளில் பெரியது மூன்று, சின்னது நான்கு. வரிசையும் இதே வரிசை. இதை வாய்ப்பாடு போல மனதில் ஏற்றிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரே கம்பியில் ஏன்? தூரம் கண்ணுக்குத் தெரியும் என்பதால். இன்னொரு காரணமும் உண்டு. 650 மில்லிமீட்டர் அளவுள்ள கிட்டாரில் 1ஆவது ஃபிரெட்டிலிருந்து 5ஆவதுக்குக் கிட்டத்தட்ட பன்னிரண்டரை சென்டிமீட்டர். அதே நான்கு ஃபிரெட் தாவல், 12ஆவதிலிருந்து 16ஆவதுக்கு ஏழு சென்டிமீட்டர்கூட இல்லை. மேலே போகப் போக ஃபிரெட்டுகள் நெருங்கும். ஒரே இசைத் தூரம், கைக்கு இடத்துக்கு இடம் வேறு தூரம். ஆக, கையின் ஞாபகத்தை மட்டும் நம்ப முடியாது. காது முன்னே போக வேண்டும், கை பின்னே வர வேண்டும். வீணை வாசிக்கிறவர்களைக் கவனியுங்கள். 24 மெட்டுகள், அதாவது ஃபிரெட்டுகள்; இரண்டு ஸ்தாயி. ராகத்தின் பயணம் பெரும்பாலும் தந்தியின் நீளவாக்கில்தான். அமெரிக்க கிட்டார் ஆசிரியர் மிக் குட்ரிக், 1987இல் வெளிவந்த 'தி அட்வான்சிங் கிட்டாரிஸ்ட்' புத்தகத்தில் மாணவனை முதலில் ஒற்றைக் கம்பியில்தான் வாசிக்கவைக்கிறார். நம் வீணைக்காரர்களுக்கு அந்தப் புத்தகம் தேவைப்பட்டிருக்காது.

இரண்டாம் பாடம் பக்கத்துக் கம்பிகளில். கீழ்ச் சுரம் இரண்டாவது கம்பியில், மேல் சுரம் முதல் கம்பியில். சி-யும் ஈ-யும்: இரண்டாவது கம்பி 13, முதல் கம்பி 12. பெரிய மூன்று என்றால் மேல் சுரம் ஒரு ஃபிரெட் பின்னால். டி-யும் எஃப்-பும்: 3, 1. சின்ன மூன்று என்றால் இரண்டு ஃபிரெட் பின்னால். பெரியதற்கு நடுவிரலும் ஆள்காட்டி விரலும். சின்னதற்கு மோதிர விரலும் ஆள்காட்டி விரலும். ஆள்காட்டி விரலை முதல் கம்பியிலிருந்து எடுக்காமலே தண்டவாளத்தில் வண்டி போவதுபோல நகர்த்தலாம். முதலில் இரண்டு சுரத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக மீட்டுங்கள். பிறகு சேர்த்து மீட்டுங்கள். சேர்த்து மீட்டும்போது ஏதோ பழைய பாட்டின் இடையிசை உங்கள் கையிலிருந்து வருவதுபோலத் தோன்றும். தோன்றட்டும். பயிற்சிக்கும் இசைக்கும் நடுவே சுவர் இல்லை என்று புரிகிற இடம் அது.

அடுத்து கோணல் கம்பிகள்: மூன்றாவதும் இரண்டாவதும். இங்கே பெரிய மூன்று ஒரே ஃபிரெட்டில் வரும். சின்ன மூன்று ஒரு ஃபிரெட் பின்னால். சி-ஈ: 5, 5. டி-எஃப்: 7, 6. ஈ-ஜி: 9, 8. எஃப்-ஏ: 10, 10. இதைத் தனியாக ஒரு வாரம் வாசியுங்கள். மற்ற கம்பிகளின் பழக்கத்தில் கை தவறான ஃபிரெட்டுக்குத்தான் போகும். போனதும் காது உறுத்தும். அந்த உறுத்தல் வந்துவிட்டால் நல்ல அறிகுறி.

மூன்றாம் பாடம் ஆறு. மூன்றாம் சுரத்தின் கீழ்ச் சுரத்தை எடுத்து ஒரு ஸ்தாயி மேலே வைத்தால் அது ஆறாம் சுரமாகிவிடும். சி-ஈ மூன்று, ஈ-சி ஆறு. பெரிய மூன்றைத் திருப்பினால் சின்ன ஆறு, சின்ன மூன்றைத் திருப்பினால் பெரிய ஆறு. இரண்டும் ஒரே சொத்தின் இரண்டு பத்திரம். கிட்டாரில் இதற்கு நடுவில் ஒரு கம்பியை விட்டுவிட வேண்டும். மூன்றாவது கம்பியையும் முதல் கம்பியையும் எடுங்கள்: ஜி-ஈ திறந்த கம்பிகளில்; ஏ-எஃப் 2, 1; பி-ஜி 4, 3; சி-ஏ 5, 5; டி-பி 7, 7; ஈ-சி 9, 8; எஃப்-டி 10, 10. பெரிய ஆறு ஒரே ஃபிரெட். சின்ன ஆறு ஒரு ஃபிரெட் பின்னால். கோணல் கம்பிகளில் மூன்றுக்குப் படித்தோமே, அதே இரண்டு வடிவங்கள், ஒரு கம்பி தள்ளி. நடுக் கம்பி ஒலிக்காமல் விரலின் சதைப்பகுதியால் லேசாகத் தொட்டு அடக்குங்கள். பிக் வைத்து வாசிக்கிறவர்கள் கீழ்ச் சுரத்தைப் பிக்காலும் மேல் சுரத்தை நடுவிரலாலும் எடுக்கலாம். சாம் அண்ட் டேவ் பாடிய 'சோல் மேன்' பாட்டின் தொடக்கத்தில் (1967) ஸ்டீவ் கிராப்பர் வாசிக்கிறாரே, அது முழுக்க இந்த ஆறுதான்.

நான்காவது பாடம், மூன்றை ஒரு ஸ்தாயி விரித்த பத்து. ஐந்தாவது கம்பியும் இரண்டாவது கம்பியும். பெரிய பத்து என்றால் மேல் சுரம் இரண்டு ஃபிரெட் முன்னால், சின்ன பத்து என்றால் ஒரு ஃபிரெட் முன்னால். பீட்டில்ஸின் 'பிளாக்பேர்டு' (1968) இந்தப் பத்துகளின் மேல் கட்டிய வீடு. நடுவில் திறந்த ஜி கம்பி சுருதிபோல ஒலித்துக்கொண்டே இருக்கும். அதை டேப் பார்த்து வாசிக்கிற பிள்ளைகள் நிறைய. ஏன் கை அங்கங்கே போகிறது என்று கேட்டால் தெரியாது. பத்துகளைப் பழகியவனுக்கு அந்தப் பாட்டுக்கு டேப் வேண்டாம்.

நான்காம் சுரத்தை வேகமாகக் கடந்துவிடலாம். பக்கத்துக் கம்பியில் அதே ஃபிரெட். கோணல் கம்பியில் ஒரு ஃபிரெட் முன்னால். ஏழில் ஒன்று மட்டும், எஃப்-பி, ஒரு ஃபிரெட் கூடுதலாக இழுக்கும். பெண்டடானிக் மட்டும் போதும் என்கிற தம்பிகளுக்கு ஒரு தகவல்: ஏ மைனர் பெண்டடானிக் என்று நீங்கள் ஓட்டுவதன் சுரங்கள் சுத்த தன்யாசியின் சுரங்கள். அதில் ஒன்றுவிட்டு ஒன்று தாண்டினால் ஐந்தில் நான்கு தாவல் நான்காம் சுரமாகவும், ஒன்று மட்டும் பெரிய மூன்றாகவும் விழும். அந்த ஒரே பெட்டியிலிருந்தே புது வாசனை வரும். முயன்று பாருங்கள்.

இதெல்லாம் நான் கண்டுபிடித்தது இல்லை. ஸ்பெயின்காரர் பெர்னாண்டோ சோர், 1830இல் பாரிஸில் வெளியிட்ட தம் கிட்டார் பயிற்சி நூலில், இந்த வாத்தியத்தை ஆள்வதற்கான சாவியே மூன்றையும் ஆறையும் அறிவதில் இருக்கிறது என்ற கருத்தை வற்புறுத்துகிறார். இத்தாலியர் மௌரோ ஜூலியானி 1812இல் வியன்னாவில் வெளியிட்ட முதல் பயிற்சி நூலில், வலது கைக்கு 120 பயிற்சிகள் இருக்கின்றன. அவை உலகப் புகழ். அதே நூலின் அடுத்த பகுதியில் மூன்று, ஆறு, எட்டு, பத்து ஆகிய சுர ஜோடிகளுக்கு இடது கைப் பயிற்சிகள் இருக்கின்றன. புகழ் முழுவதும் முதல் பகுதிக்கே போய்விட்டது. இருநூறு வருடத்துக்கு முன்பும் பிள்ளைகள் கஷ்டமான பக்கத்தைப் புரட்டிவிட்டுத்தான் போயிருப்பார்கள் போல.

நம் பக்கமும் இந்த உறவுகளைப் பற்றிய சிந்தனை பழையது. சிலப்பதிகார உரைகள் சுரங்களுக்கு இடையே உள்ள உறவை இணை, கிளை, நட்பு, பகை என்று பிரிக்கின்றன. நின்ற நரம்புக்கு ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு. மூன்றாவதும் ஆறாவதும் பகை! நாம் இனிமைக்காகத் தேடிப் போகிற இரண்டுமே அங்கே பகைப் பட்டியலில் இருக்கின்றன. முதலில் படித்தபோது சிரிப்பு வந்தது. பிறகு கிட்டாரின் ஃபிரெட்டைப் பார்த்து யோசித்தேன். ஸ்தாயியைச் சரிசமமாகப் பன்னிரண்டாகப் பிரித்துத்தான் ஃபிரெட் அடிக்கிறார்கள். அந்தப் பங்கீட்டில் ஐந்தாம் சுரம் இயற்கையான இடத்திலிருந்து 2 சென்ட் மட்டுமே விலகுகிறது. அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். பெரிய மூன்றோ 14 சென்ட் விலகுகிறது. எலெக்ட்ரிக் கிட்டாரில் டிஸ்டார்ஷன் போட்டு மூன்றைச் சேர்த்து மீட்டினால் கரகரப்பதும், ஐந்தை மீட்டினால் கம்பீரமாக நிற்பதும் அதனால்தான். ராக் வாசிக்கிறவர்கள் பவர் கார்டில் மூன்றாம் சுரத்தை விட்டுவிடுவது சோம்பலால் இல்லை. உறவு இனிக்குமா கசக்குமா என்பது சுருதியையும் ஒலியையும் இடத்தையும் பொறுத்தது. ஒவ்வொரு ஜோடியையும் நீங்களே காதால் சந்தித்துத் தீர்மானியுங்கள்.

இனி, எப்படி வாசிப்பது என்று இரண்டு வார்த்தை.

நான்கு திசையில் வாசியுங்கள். சக ரிம கப என்று எல்லாம் மேல்நோக்கி. கச மரி பக என்று எல்லாம் கீழ்நோக்கி. சக மரி கப என்று மாற்றி மாற்றி. பிறகு கச ரிம பக என்று அதையும் திருப்பிப்போட்டு. நான்கில் உங்களுக்கு எது வரவில்லையோ, மறுநாள் அதில் தொடங்குங்கள். கை பழகியதும், இரண்டிரண்டான இந்த ஜோடிகளைத் திஸ்ரத்தில், அதாவது ஒரு அடிக்கு மூன்று சுரமாக வாசியுங்கள். அழுத்தம் ஒவ்வொரு முறையும் வேறு சுரத்தில் விழும். பழைய பயிற்சி புது மெட்டாகக் கேட்கும்.

பாடுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். முதல் சுரத்தை மீட்டியதும், இரண்டாவதை மீட்டுவதற்கு முன் அதை வாயால் பாடுங்கள். பிறகு மீட்டிச் சரிபாருங்கள். "எனக்குக் குரல் வராது மாஸ்டர்" என்று சொல்லாதவர்கள் இதுவரை யாரும் இல்லை. கச்சேரிக்கா பாடச் சொல்கிறேன்? முனகினால் போதும். பாடாமல் வாசிக்கிற தாவல் விரலின் உடற்பயிற்சி. பாடிவிட்டு வாசிக்கிற தாவல்தான் சங்கீதம்.

மெட்ரோனோமை 60இல் வையுங்கள். ஒரு அடிக்கு இரண்டு சுரம். சலிப்பாக இருக்கும். ஒரு தவறுகூட இல்லாமல் மூன்று முறை வந்தால் மட்டும் 4 ஏற்றுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு சுருதி: இந்த வாரம் சி, அடுத்த வாரம் எஃப், அதற்கடுத்து பி ஃபிளாட் என்று நான்காம் சுரமாக நகர்ந்தால் பன்னிரண்டு வாரத்தில் ஒரு சுற்று முடியும். நாளைக்கு இருபது நிமிடம் போதும். இருபதுக்கு மேல் போனால் கை தானாக ஓடத் தொடங்கும், காது தூங்கிவிடும்.

கடைசியாக, அன்றாடம் ஏதாவது ஒரு பாட்டின் இரண்டு வரிக்கு மூன்றாம் சுரத்தில் துணை வரி போடுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. கண்ணை மூடிக்கொண்டு மூன்றாகவே போனால் சில இடத்தில் கார்டோடு மோதும். சி கார்டு ஒலிக்கும்போது மெட்டு ஜி-யில் நின்றால், அதன் மூன்றாம் சுரமான பி உறுத்தலாம். ஒரு ஃபிரெட் ஏற்றி சி-யை வாசித்தால் அது நான்காம் சுரம், அமைதியாக அமர்ந்துவிடும். எங்கே மூன்று, எங்கே நான்கு, எங்கே ஆறு என்று தேர்ந்தெடுக்கத் தெரிவதற்குத்தான் இத்தனை பயிற்சியும். இளையராஜா 1976இல் 'அன்னக்கிளி'க்கு இசையமைப்பதற்கு முன்பு இசைக்குழுக்களில் கிட்டார் வாசித்தவர். அவருடைய பாடல்களில் மெட்டுக்குக் கீழேயும் மேலேயும் ஓடுகிற வரிகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்டுப் பாருங்கள். மூன்று எப்போது கைவிடப்படுகிறது என்று அங்கே கற்றுக்கொள்ளலாம்.

"இவ்வளவும் செய்து என்ன ஆகப்போகிறது, ஒரு நிமிட வீடியோவில் வேகம்தானே கண்ணில் படுகிறது" என்று என் மாணவன் ஒருவன் நேராகவே கேட்டான். நியாயமான கேள்விதான். வேகம் கண்ணில் படும், மறுக்கவில்லை. ஆனால் உங்களை ஒரு குழுவில் சேர்த்துக்கொள்கிறவர் கண்ணால் சேர்த்துக்கொள்வதில்லை. பாடகர் கடைசி நேரத்தில் அரைக் கட்டை இறக்கச் சொல்வார். கீபோர்டுக்காரர், "நீ கீழே போ, நான் மேலே வர்றேன்" என்று கையால் ஜாடை காட்டுவார். பக்கத்து கிட்டார்காரர் வராமல் போவார். அந்த நேரத்தில் பெட்டி உதவாது. எந்தச் சுரத்திலிருந்தும் எந்தச் சுரத்துக்கும், இருக்கிற இடத்திலிருந்தே போகத் தெரிந்திருக்க வேண்டும். தஞ்சாவூர் மேடையில் எனக்குத் தேவைப்பட்டது எட்டுச் சுரம். தினமும் ஆயிரக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்தவனிடம் அந்த எட்டு இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. ஸ்கேலை விட்டுவிடச் சொல்லவில்லை. சரளி வரிசை இல்லாமல் தாட்டு வரிசை இல்லை. ஏறி இறங்குகிற நேரத்தில் பாதியைத் தாண்டுவதற்குக் கொடுங்கள். இன்று இரவே ஆரம்பிக்கலாம். இரண்டாவது கம்பி, 1ஆவது ஃபிரெட். மீட்டுங்கள். 5ஆவது ஃபிரெட்டைத் தொடாமல், அங்கே என்ன ஒலி இருக்கிறது என்று பாடுங்கள். பிறகு மீட்டிப் பாருங்கள். சரியாக இருந்தால் 3ஆவது ஃபிரெட்டுக்குப் போங்கள். தவறாக இருந்தால் மறுபடி 1.

அதற்கு முன் கிட்டாரைச் சுருதி சேர்த்துவிடுங்கள். பாதிப் பேர் அதைச் செய்வதில்லை.

அன்புடன்,
உங்கள் மாடிவீட்டு கிட்டார் மாஸ்டர்
சென்னை